வடிகால் நீர் கிணற்றுக்குள் போனபோது: வேலூர்க் குடியிருப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இடம்

வேலூர் நகரின் ஓரத்தில், மொட்டைப் பாறை மலைகளின் அடிவாரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது இந்தக் குடியிருப்பு. நான்கு தெரு, 64 வீடு. மனை பிரிப்பதற்கு முன்னால் இது ஏரிப் பாசன நஞ்சை. ஏரி நிரம்பிக் கோடி போனால் தண்ணீர் வந்த வாய்க்கால்தான் இன்று மூன்றாவது தெரு ஓரமாகச் சிமென்ட் வடிகாலாகக் கிடக்கிறது. அந்த நாளில் பம்ப்செட் ஓடிய பாசனக் கிணறு ஒன்றும் மிச்சம் இருக்கிறது. 20 அடி விட்டம், கல்கட்டு, சுற்றிலும் இரும்பு வலை.

நான் கட்டட மேற்பார்வை வேலை பார்த்தவன். நலச்சங்கத்தில் தண்ணீர், வடிகால் வேலைகள் என் பொறுப்பில் இருந்தன. கீழே சொல்லப்போகும் முதல் முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

நிலத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது. மேலே இரண்டு மூன்று அடி மண், அதன் கீழே மொரம்பு என்கிற சரளை மண், அதற்கும் கீழே கடும்பாறை. பாறையில் தண்ணீர் நிற்பது பிளவுகளில்தான். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடும்போது பிளவு அகப்பட்டால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் புகை. மணல் நிலத்தில் தண்ணீர் மெல்ல ஊறி, வடிந்து, ஓரளவு சுத்தமாகிக் கீழே போகும். பாறைப் பிளவில் அந்த வேலையே நடக்காது. மேலே விட்டது அப்படியே பக்கத்து போருக்குப் போய்ச் சேரும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்று நினைவில் முன்னால் வந்து நிற்கவில்லை.

குடிக்கக் காவிரி கூட்டுக் குடிநீர், மற்றதற்கெல்லாம் போர் தண்ணீர் என்பது பொதுவான ஏற்பாடு. காவிரித் தண்ணீர் ஒருநாள் தவறினால் சில வீடுகளில் போர் தண்ணீரையே குடிப்பார்கள்.

2021 நவம்பர்

அந்த மாத மழையை வேலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தண்ணீர் புகுந்தது. நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர். எங்கள் மூன்றாவது தெருவில் முழங்கால் அளவு நின்றது, வடிய இரண்டு நாள் ஆனது.

அதே ஆண்டு மே மாதம் இதே தெருவில் ஆறு போர் வற்றி, டிராக்டரில் தண்ணீர் வாங்கினோம். ஐப்பசியில் வெள்ளம், அக்னி நட்சத்திரத்தில் வறட்சி. இரண்டையும் ஒரே வேலையில் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் அந்த மாதமே பிறந்தது. தெருவில் நிற்கிற தண்ணீரைப் பழைய கிணற்றில் இறக்கினால் தெருவும் காயும், போரும் ஊறும். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் ஒருவரும் இல்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். அந்தச் சொல்லைக் கேட்டாலே நல்ல காரியம் என்று மனம் ஒத்துக்கொள்கிறது. கூரையில் விழுந்த தண்ணீரா, தெருவில் புரண்ட தண்ணீரா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் முடிவு

2022 ஜூனில் வேலை முடிந்தது. வடிகாலின் பக்கச் சுவரை உடைத்து, பத்து அங்குலக் குழாய் போட்டுக் கிணற்றுக்குக் கொண்டுபோனோம். நடுவில் ஒரு வடிகட்டித் தொட்டி: அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதன் மேல் கரி, எல்லாவற்றுக்கும் மேல் ஓர் அடி மணல். மணலும் கரியும் இருக்கிறதே, அழுக்கெல்லாம் நின்றுவிடும் என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கை எங்கே பிசகியது என்று பிறகு புரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மணல் வடிகட்டி மண்ணையும் குப்பையையும் பிடிக்கும். கிருமியையும் ஓரளவு குறைக்கும், ஆனால் அதற்குத் தண்ணீர் மிக மெதுவாக, மணிக்கணக்கில் இறங்க வேண்டும். கொட்டுகிற மழையில் பத்து அங்குலக் குழாய் நிறைய வரும் தண்ணீருக்கு ஓர் அடி மணல் எம்மாத்திரம்? கழிவிலிருந்து கரைந்து வரும் நைட்ரேட் என்ற உப்பையும் சோப்புத் தண்ணீரையும் அது தொடவே தொடாது.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி இடியும் மழையுமாகப் பெய்து ஓய்ந்தது. காலையில் போய்ப் பார்த்தால் கிணற்றில் 11 அடி தண்ணீர் ஏறியிருந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். வற்றிய போர்களில் நான்கு அக்டோபரில் திரும்பவும் ஓடின. தெருவிலும் தண்ணீர் நிற்கவில்லை. பக்கத்து நகர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது மழையோடு வடிகட்டி அடைத்துக்கொண்டது. மணலின் மேல் கறுப்பாக, பசைபோல ஒரு படலம். கையால் எடுத்தால் வழுக்கியது, மோந்தால் சாக்கடை வாடை. அந்த வாடையிலேயே நாங்கள் நின்று யோசித்திருக்க வேண்டும். அப்புறம் நடந்தது இன்னும் மோசம். தெருவில் தண்ணீர் தேங்க ஆரம்பித்ததும், யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில்தான், தொட்டியின் குறுக்குச் சுவரில் கடப்பாரையால் ஓட்டை போட்டுவிட்டார். அன்றிலிருந்து வடிகால் தண்ணீர் வடிகட்டியைத் தொடாமலே கிணற்றுக்குப் போயிற்று.

கண்ணில் பட்டவை

டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்து உள்மாவட்டங்கள் வழியே நகர்ந்தது. இங்கேயும் நல்ல மழை. அடுத்த ஒரு வாரத்தில் ஐந்து வீடுகளில் ஒன்பது பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு குழந்தைக்கு மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எல்லோரும் தேறிவிட்டார்கள். ஆனால் அந்தக் குழந்தையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அரைமணி நேரம் இன்னும் மனதில் கிடக்கிறது.

முதலில் எல்லோரும் கல்யாணச் சாப்பாட்டைச் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஓர் அம்மா இருக்கிறார். வீடு வீடாகப் போய் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று விசாரித்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். “காவேரித் தண்ணி புடிச்சு வெச்சிருந்த வூட்ல யாருக்கும் ஒண்ணும் ஆவல, பாரு தம்பி. போர் தண்ணி குடிச்ச வூடு மட்டுந்தான்” என்றார். தாளில் அவர் குறித்த ஐந்து வீடும் கிணற்றின் வடக்கே, நூறு அடிக்குள் இருந்தன.

அன்று மாலையே சுகாதார ஆய்வாளருக்குச் சொன்னோம். ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகள் வாங்கி எட்டு போர்களில் தண்ணீர் பிடித்தோம். கிருமி கலந்திருந்தால் குப்பித் தண்ணீர் ஒன்றிரண்டு நாளில் கறுக்கும். மறுநாள் காலை ஐந்து குப்பி மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தன, இரண்டாம் நாள் இன்னொன்று. கிணற்றுக்குத் தெற்கே, மேட்டில் இருந்த இரண்டு மட்டும் மாறவில்லை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பிய இரண்டு மாதிரிகளிலும் மலத்தோடு வரும் ஈ.கோலை கிருமி இருந்தது. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட்டும் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது.

மழை விட்டு, வானம் வெளுத்து பத்து நாள் ஆன பிறகு, வடிகாலின் தலைமாட்டிலிருந்து கிணறு வரை நடந்தோம். இந்த ஒரு காரியத்தை எந்த ஊரிலும், செலவில்லாமல், எவரும் செய்யலாம். காய்ந்த நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. எங்கள் வடிகாலில் ஓடியது. பதினொரு வீடுகளின் சமையலறை, குளியலறைக் குழாய்கள் அதில் விழுந்தன. சந்தேகமாக இருந்த வீடுகளில் தொட்டியில் சொட்டு நீலம் கலந்து ஊற்றிப் பார்த்தோம். கை கழுவும் நேரத்துக்குள் வடிகாலில் நீலம் இறங்கியது. நான்கு வீடுகளின் செப்டிக் டேங்க் நிரம்பி வழிவதற்கான குழாயும் வடிகாலுக்குத்தான் வந்தது. அதைக் கண்டுபிடிக்க நீலம் தேவைப்படவில்லை. தெருமுனையில் இருசக்கர வண்டி வாட்டர் சர்வீஸ், அதற்கு எதிரே கோழிக்கடை, நாலு மாடு கட்டிய ஒரு தொழுவம். இவை எல்லாவற்றின் கழுவலையும் ஆறு மாதமாக நாங்கள் நிலத்துக்குள் இறக்கியிருக்கிறோம்.

இரண்டாவது முடிவு

அன்றே குழாயின் வாயில் சிமென்ட் மூட்டைகளை அடுக்கி அடைத்தோம், மறுநாள் பூசிவிட்டோம். போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், வேறு வழியில்லை என்றால் கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்று வீட்டுக்கு வீடு சொன்னோம். கிணற்று நீரை இறைத்துத் தென்னைகளுக்கு விட்டோம்.

இந்த இடத்தில் சங்கத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. கிணற்றை மூட வேண்டாம், மாதம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும் என்றார்கள் பாதிப் பேர். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 அடி விட்டக் கிணற்றில் 15 அடி தண்ணீர் என்றால் சுமார் 1,33,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற வழக்கமான அளவில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் போதும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் புதிதாகச் சாக்கடை வந்து விழுந்தால் அந்தக் குளோரினை அழுக்கே தின்றுவிடும். நைட்ரேட்டையோ வண்டி எண்ணெயையோ பிளீச்சிங் ஒன்றும் செய்யாது.

என் கணக்கு யாரையும் அசைக்கவில்லை. அசைத்தது ஒரு பெரியவரின் பேச்சு. அவர் ஆம்பூர்ப் பக்கம், பாலாற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவர். தோல் பதனிடும் கழிவால் உப்பேறிப் போன கிணறுகளைப் பார்த்து வளர்ந்தவர். பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். “தீர்ப்பு வந்து இத்தன வருஷம் ஆச்சு, எங்க கெணத்து உப்பு எறங்குச்சா? கெடுக்க ஒரு மழ போதும்பா” என்றார். அதற்குமேல் யாரும் பிளீச்சிங்கைப் பற்றிப் பேசவில்லை. கிணற்றையும் பாதித்த போர்களையும் ஒருமுறை மட்டும் நன்றாகக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்தோம்.

2023 கோடையில் செய்த வேலையின் அடிப்படை இதுதான்: கூரைத் தண்ணீர் வேறு, தெருத் தண்ணீர் வேறு, இரண்டும் ஓரிடத்திலும் கலக்கக் கூடாது.

கிணற்றைச் சுற்றியுள்ள 14 வீடுகளின் மாடித் தண்ணீர் மட்டும் தனிக் குழாயில் கிணற்றுக்கு வருகிறது. மாடியில் காக்கை எச்சம், தூசி, இலை எல்லாம் உண்டு. அதனால் முதலில் விழும் இரண்டு மில்லிமீட்டர் மழையை ஒதுக்க நினைத்தோம். ஆரம்பத்தில் நான்கு அங்குலக் குழாயைப் பத்தடி செங்குத்தாக நிறுத்தி மூடி போட்டோம். அதில் பிடிப்பது 24 லிட்டர்தான். ஆயிரம் சதுர அடி மாடியில் இரண்டு மில்லிமீட்டர் என்றால் 186 லிட்டர். ஆகவே வீட்டுக்கு ஒரு 200 லிட்டர் நீல டிரம் வைத்தோம். முதல் தண்ணீர் டிரம்மில் நிறையும். நிறைந்ததும் மிதக்கும் பந்து வாயை அடைக்க, பிறகு வருவது கிணற்றுக்குப் போகும். மழை விட்டதும் டிரம்மின் குழாயைத் திறந்து செடிக்கு விட வேண்டும். திறக்க மறந்தால் அடுத்த மழைக்கு டிரம் வேலை செய்யாது, கொசுவும் வரும். இந்த ஒரு வேலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்கிறார்கள்.

தெருத் தண்ணீரைப் பூமிக்குள் நேராக இறக்குவதில்லை என்று முடிவானது. சரி, அப்படியே கீழே தள்ளிவிடலாமா? எங்கள் வடிகால் போய்ச் சேர்வது அடுத்த ஊர் ஏரியில். இந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலிபோல ஒன்றின் கோடித் தண்ணீர் அடுத்ததற்கு வரத்தாக அமைந்தவை. நாங்கள் கழித்து விடுவது அங்கே மாடு குடிக்கிற தண்ணீர். அதனால் வடிகாலின் கடைசியில் இரண்டு அறைகள் கொண்ட வண்டல் தொட்டி கட்டினோம். அதற்கப்பால் சிமென்ட் போடாத 200 அடி வாய்க்காலை அகலமாக, ஆழம் குறைவாகத் திருத்திக் கரையில் வெட்டிவேரும் நடுவில் கல்வாழையும் வைத்தோம். தண்ணீர் அங்கே வேகம் தணிந்து, செடிகளுக்குள் நுழைந்து போகிறது. மண்ணும், மண்ணோடு ஒட்டி வரும் அழுக்கும் பெரும்பாலும் படிந்துவிடுகிறது. வண்டலை ஆனிக் கடைசியிலும் புரட்டாசியிலும் வெளியே நின்றபடி நீளக் கைப்பிடி மண்வெட்டியால் எடுக்கிறோம். தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

வாட்டர் சர்வீஸ் நடத்துபவர் கேட்ட மாத்திரத்தில் மூன்று அறை எண்ணெய்த் தொட்டி கட்டிக்கொண்டார். கோழிக்கடைக்காரருக்கு ஒரு வலையும் குப்பைக்காரரிடம் ஒரு ஏற்பாடும் போதுமாக இருந்தன. பதினொரு வீட்டுச் சமையலறைத் தண்ணீரில் எட்டு வீட்டுத் தண்ணீர் தோட்டத்துக்குத் திரும்பியது.

செப்டிக் குழாய்கள்தான் பெரும்பாடு. அந்த நான்கு வீட்டுக்காரர்களும் கெட்ட எண்ணத்தில் செய்தவர்கள் அல்ல. வீடு கட்டியபோது மேஸ்திரி சொன்னதைச் செய்தார்கள். இரண்டு வீட்டில் இடம் இருந்தது, உறிஞ்சு குழி போட்டார்கள். பக்கத்து போர்களிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் போட வேண்டும் என்று அளந்து பார்த்தோம். மூன்றாவது வீட்டுக்குப் பூங்கா மூலையில், கிணற்றுக்கு எதிர்ப்புறம், ஜல்லி நிரப்பிக் கல்வாழை வைத்த ஒரு சிறு படுகை அமைத்தோம். நான்காவது வீடு 600 சதுர அடி மனை. மூன்று பக்கமும் போர். குழி போட இடமே இல்லை. வழிந்தோடும் குழாயை அடைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை லாரி வைத்து எடுப்பது என்று முடிவு. செலவில் பாதியைச் சங்கம் தருகிறது. அந்த வீட்டு அம்மா கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தன் வீட்டு விஷயம் பேசப்பட்டதற்காக ஒரு வருடம் எங்களோடு பேசவில்லை. அவர் கோபம் நியாயமானது.

பின்விளைவு

எட்டு போர்களிலும் மாதம் ஒருமுறை குப்பிச் சோதனை தொடர்ந்தது. 2023 மார்ச்சில் மூன்று கறுத்தன, ஆகஸ்டில் இரண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஓய்ந்த பிறகு எடுத்ததில் ஒன்றே ஒன்று, அந்த 600 சதுர அடி வீட்டை ஒட்டிய போர். நைட்ரேட் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது. அதனால் போர் தண்ணீரைக் குடிப்பதில்லை என்ற வழக்கத்தை மாற்றவில்லை.

இழந்ததையும் எழுத வேண்டும். பெருமழையில் மூன்றாவது தெருவில் இப்போதும் இரண்டு மூன்று மணி நேரம் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. முன்பு கிணறு விழுங்கியது, இப்போது வாய்க்கால் தன் வேகத்தில்தான் கொண்டுபோகிறது. கிணற்றில் ஏறும் தண்ணீரும் குறைவு. 14 மாடிகளில் 50 மி.மீ. மழை விழுந்தால், டிரம்மில் நிற்பதும் சிந்துவதும் போகக் கணக்குப்படி சுமார் 55,000 லிட்டர், கிணற்றில் ஆறடி. நேரில் நாங்கள் பார்ப்பது ஐந்தடிக்குள். அன்று ஒரே ராத்திரியில் 11 அடி ஏறியதை நினைத்து அங்கலாய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அந்தக் கறுத்த குப்பிகளின் படத்தைக் காட்டுகிறேன்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

காய்ந்த நாள் நடையை 2022 ஜூனுக்கு முன்னால் செய்திருந்தால் ஒருவருக்கும் உடம்புக்கு வந்திருக்காது. ஒரு காலை நேரம் போதும் அதற்கு. குழாய் போடுவதற்கு முன்பே போர்களைச் சோதித்துக் குறித்து வைக்கவும் இல்லை. ஆகவே நைட்ரேட்டில் எவ்வளவு எங்களால் வந்தது, எவ்வளவு முன்பே இருந்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வடிகட்டி அடைத்துக்கொண்டபோது அதை ஒரு பழுதாகப் பார்த்தோம். உண்மையில் அது தகவல். மணல் மேல் இருந்த அந்தக் கறுப்புப் படலத்தை ஒரு டப்பாவில் போட்டு யாரிடமாவது காட்டியிருந்தால் செப்டம்பரிலேயே விஷயம் தெரிந்திருக்கும். சுவரில் ஓட்டை போட்டவரைத் தேட வேண்டிய அவசியம் இருந்ததில்லை. பராமரிக்க ஆளும் நாளும் குறிக்காமல் கட்டிய தொட்டிக்கு அந்தக் கதிதான் நேரும். இப்போது வண்டல் தொட்டியின் சுவரிலேயே எடுக்க வேண்டிய மாதமும் பொறுப்பாளர் வீட்டு எண்ணும் பெயின்டில் எழுதியிருக்கிறோம்.

நான்கு வீட்டுக்காரர்களோடு கூட்டத்துக்கு முன்பே, அவரவர் வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இனி எந்த வீட்டுக் குழாய் விஷயமும் பொதுக் கூட்டத்தில் எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

நான்காவது வீட்டுக்குப் பாதாள சாக்கடை இணைப்புத்தான் நிரந்தர வழி. எங்கள் தெருவுக்கு அது வரும் வரை லாரி தொடரும். அந்த வீட்டை ஒட்டிய போரின் மோட்டார் மேல் “குடிக்க அல்ல” என்று சிவப்பில் எழுதி வைத்திருக்கிறோம். மாதக் குப்பி சோதனையில் முதல் குப்பி அந்த போருக்குத்தான். செவிலியர் அம்மா வீட்டு அலமாரியில், காலண்டருக்குப் பக்கத்தில், இரண்டு நாள் நிற்கும்.